நீர் இறங்கும்போது ஏரியைப் பார்

கரையான்சாவடி இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கிற ஊர். ஆவடிச் சாலையில் வடக்கே போனால், சென்னீர்குப்பத்தைத் தாண்டிக் காடுவெட்டி பக்கம் கூவம் குறுக்கிடும். தென்மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. அதன் உபரி நீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கிறது. சுற்றிலும் நேமம், அயனம்பாக்கம், பருத்திப்பட்டு, போரூர் என்று ஏரிகள். மெட்ரோ தூண்களும் அடுக்குமாடிகளும் கண்ணை மறைக்கின்றன என்றாலும், இங்கே பெய்கிற மழை இந்த இரண்டு ஆறுகளில் ஒன்றைத் தேடித்தான் போகிறது. இந்தப் படுகையில் வாழ்கிறவர்களை அதன் ஏரிகளுக்குக் கூட்டிப்போவதும், அங்கே இருப்பதைக் கண்ணால் பார்க்கப் பழக்குவதும் என் வேலை.

பள்ளிக்கூடங்கள் கூப்பிடும். தேசிய பசுமைப் படை, நாட்டு நலப்பணித் திட்டம் இவற்றைக் கவனிக்கும் ஆசிரியர்கள் கூப்பிடுவார்கள். அடுக்குமாடிச் சங்கங்கள் ஞாயிற்றுக்கிழமை காலைக்குக் கேட்பார்கள். சுற்றுச்சூழல் தினம், ஈரநில தினம் என்று நாள்காட்டியில் உள்ள நாட்களுக்கு அழைப்பு தானாக வரும். மேடை, பதாகை, உறுதிமொழி, தேநீர், குழுப்படம் எல்லாம் முடிந்து எல்லோரும் கலைந்து போவார்கள். இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஒரு ஊர் தன் ஏரியைக் காப்பாற்ற வேண்டுமானால், அந்த ஊர்க்காரர்கள் சிலர் விழா இல்லாத நாட்களிலும் அதே ஏரிக்கு மறுபடி மறுபடி போக வேண்டும். என் தொழிலின் பயனை அதை வைத்துத்தான் அளக்கிறேன்.

இந்தப் பாடம் எனக்குக் கடற்கரையில் கிடைத்தது. கல்லூரி நாட்களில் சென்னையின் ஆமை நடைக்குப் போவேன். 1970-களில் ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகரும் அவர் நண்பர்களும் இரவில் கடற்கரையில் நடந்து கடலாமை முட்டைகளைத் தேடத் தொடங்கினார்கள். 1988-இலிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அந்த வேலையைத் தொடர்ந்து செய்துவருகிறது. ஜனவரி முதல் மாதக்கணக்கில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, நள்ளிரவில், அதே மணல். பல இரவுகளில் ஆமையே கண்ணில் படாது. ஆனாலும் மறுநாளும் நடப்பார்கள். பொதுமக்களும் கூடவே நடப்பார்கள். ஆமையைக் காணாமல் திரும்பியவர்கள்கூட, தெருவிளக்கின் வெளிச்சம் ஆமைக் குஞ்சுகளைக் கடலுக்குப் பதில் சாலைப் பக்கம் இழுத்துவிடும் என்பதை அறிந்து திரும்பினார்கள். ஒரே இடத்தில் விடாமல் நடக்கிறவர்கள்தான் அந்த இடத்துக்காகப் பேச முடியும் என்று அங்கே எனக்குப் புரிந்தது. அதை ஏரிக்குக் கொண்டுவந்தேன்.

முதல் வகுப்பைப் பெரும்பாலும் பள்ளிக்கூட வாசலிலேயே வைத்துக்கொள்வேன். பிள்ளைகளுக்குப் புலி தெரியும், பனிக்கரடி தெரியும். தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப்புறா என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அது மலைக்காட்டுப் பறவை. இவர்களில் ஒருவர்கூட அதைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் சாக்கடை ஓரத்தில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற மடையானைத் தினமும் தாண்டிப் போகிறார்கள். “மிஸ், அது சும்மா கொக்கு” என்பார்கள். அது பறக்கும் வரை காத்திருக்கச் சொல்வேன். மண்நிறத்தில் அசையாமல் நின்ற பறவை, கிளம்பிய கணத்தில் வெள்ளைவெளேரென்று சிறகை விரிக்கும். “ஐயோ மிஸ், அதேதானா?” என்று கூச்சல் எழும். தினமும் பார்த்த ஒன்றை இன்றைக்குத்தான் பார்த்தோம் என்று பிள்ளைகளுக்குத் தெரிகிற நேரம் அது. அதற்கப்புறம்தான் அவர்களை ஏரிக்குக் கூட்டிப்போவேன்.

ஏரி நடைக்கு முன்னேற்பாடு நிறைய. நீர்வளத் துறையிடம் கேட்க வேண்டிய இடங்களில் அனுமதி, தலைமையாசிரியரின் கடிதம், பெற்றோர் கையெழுத்து. பாதையை முடிவு செய்வதற்கு முன்னால் கழிவறை எங்கே என்று பார்த்துவிடுவேன். அது இல்லையென்றால் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே நடப்பார்கள். வெயிலில் மயக்கம் வரும், அடுத்த முறை வரவே மாட்டார்கள். ஒரு வழிகாட்டிக்கு 15 பேருக்கு மேல் வேண்டாம். காலை 6 மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நடக்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். பளிச்சென்ற சட்டை வேண்டாம். பறவையின் குரலைக் கைபேசியில் போட்டு அதை வரவழைக்கக் கூடாது. கூட்டை நெருங்கக் கூடாது. கரையின் உட்சரிவில் பதித்த அலைகல்லுக்குக் கீழே யாரும் இறங்கக் கூடாது. பாசி படிந்த கல் எவரையும் சறுக்கிவிடும், மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் தெரியாது.

இருநோக்கி வாங்க நினைக்கிறவர்களுக்கு 8×42 போதும் என்பேன். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், காலை மங்கலிலும் வெளிச்சம் கிடைக்கும், கை நடுங்கினாலும் படம் அதிகம் ஆடாது. ஆனால் கரையில் ஏறியதும் முதல் ஐந்து நிமிடம் இருநோக்கியைத் தொட விடமாட்டேன். பேச்சும் கூடாது. வெறும் கண்ணால் ஏரியை இடமிருந்து வலமாகப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் ஒரு தாளில் ஏரியின் குறுக்குவெட்டை வரையச் சொல்வேன்: ஒரு முனையில் கரை, நடுவில் ஆழம், மறு முனையில் மெல்லச் சரிந்து ஏறும் சேறும் புல்லும். எந்தப் பறவை எங்கே நிற்கிறதோ, படத்திலும் அதே இடத்தில் அதன் பெயரை எழுத வேண்டும்.

அந்தப் படத்தில் எழுத எழுத ஏரி பிடிபட்டுவிடும். ஆழத்தில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் முக்குளிப்பானும். அவற்றை ஒட்டிக் கூட்டமாக நாமக்கோழி. கொஞ்சம் ஓரமாகப் புள்ளிமூக்கு வாத்து, குளிர்காலமானால் வடக்கிலிருந்து வரும் நீலச்சிறகி. முழங்கால் ஆழத்தில் மஞ்சள்மூக்கு நாரையும் செந்நாரையும். அதைவிடக் குறைந்த தண்ணீரில் நெடுங்கால் உள்ளானும் அரிவாள் மூக்கனும். ஈரச் சேற்றில் சின்ன உள்ளான்கள், வாலாட்டி. புல்லில் ஆட்காட்டி, மாட்டுக்குப் பின்னால் உண்ணிக்கொக்கு. கால் எவ்வளவு நீளமோ அவ்வளவு தண்ணீர், அலகு எப்படியோ அப்படி இரை. ஏழாம் வகுப்புப் பிள்ளை தானே வரைந்து தானே கண்டுபிடித்த இந்தச் செய்தியை எந்தப் பரீட்சைக்காகவும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நான் மிக அதிகமாகக் காட்டியிருக்கும் பறவை நத்தைகுத்தி நாரை. அதன் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். முக்காலியில் தொலைநோக்கியைப் பொருத்தி, பறவையைப் பிடித்துவைத்து, ஒவ்வொருவராகப் பார்க்கச் சொல்வேன். நாரை சேற்றுத் தண்ணீரில் அலகை விட்டுத் துழாவும். ஒரு நத்தை தட்டுப்பட்டதும் அசைவு மாறிவிடும். தலை தாழும், கழுத்து மட்டும் சின்னச் சின்னதாக ஆடும். மேலலகால் ஓட்டை அழுத்திக்கொண்டு, கீழலகின் நுனியை உள்ளே செலுத்தி, நத்தை ஓட்டோடு ஒட்டியிருக்கும் தசையை அறுக்கிறது. சற்று நேரத்தில் தலையை நிமிர்த்தும்போது அலகில் சதை மட்டும் இருக்கும். ஓடு பெரும்பாலும் உடையாமல் தண்ணீரிலேயே கிடக்கும். நடை முடிவதற்குள் கரையோரம் அந்த மாதிரி ஒரு வெற்று ஓட்டைத் தேடி எடுத்துவிடுவோம். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் கீறல்கூட இருக்காது. குஞ்சுகளுக்கு அலகில் அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும் என்று சொல்லும்போது, ஒரு பறவைக்குள்ளும் குழந்தைப் பருவம் இருக்கிறது என்று பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள்.

எனக்கு ஏரியைக் கற்றுக்கொடுத்தவர்களில் பலர் புத்தகம் படித்தவர்கள் இல்லை. செம்பரம்பாக்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் முன்பு நீர்க்கட்டியாக இருந்த ஒரு பெரியவர் இருந்தார். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து வாய்க்காலைத் திருப்பிவிடுவது அவர் குடும்பத்தின் வேலை. மார்கழியில் ஏரி தளும்ப நின்றபோது ஒரு கூட்டத்தை அழைத்துப் போயிருந்தேன். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, “ஏம்மா, தண்ணி ஏறி நின்னா எல்லாருந்தான் வந்து பார்ப்பாங்க. எறங்கும்போது வந்து பாரு. அப்பதான் ஏரி தெரியும்” என்றார்.

“எப்ப வரணும் தாத்தா?”

“பங்குனில வா. உன் பசங்களையும் கூட்டிட்டு வா.”

பங்குனியில் போனோம். அவர் சொன்னது முழு உண்மை. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஏரி விளிம்பு வரை ஆழமாக இருக்கும். நீந்துகிற பறவைகளுக்கு அது வசதி. நடந்து மேய்கிற பறவைகளுக்கு நிற்க இடமில்லை. மாசி, பங்குனியில் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, நாளுக்கு நாள் புதிய சேற்றுக் கரை ஒன்று வெளியே வரும். மீனும் நத்தையும் புழுவும் குறைந்த தண்ணீரில் நெருங்கிக் கிடக்கும். நாரைகளும் உள்ளான்களும் அந்த விளிம்பைப் பின்தொடர்ந்து நகரும். வடக்கே திரும்பிப் போகவேண்டிய பறவைகள் பயணத்துக்கு முன் அங்கேதான் உடம்பைத் தேற்றிக்கொள்ளும். பெரியவர் அன்று மதகு எது, கலங்கல் எது, உபரி நீர் எந்த ஊர் வழியாக இறங்கும் என்று பிள்ளைகளுக்குக் கையை நீட்டிக் காட்டினார். ஒரு ஏரி நிறைந்து வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகிற வரிசையை அவர் ஊர்ப் பெயர்களாகவே சொன்னார். அன்று முதல் என் நடைகளில் பேசுகிறவர் நான் மட்டும் இல்லை. மீன் பிடிக்கிறவர், மாடு மேய்க்கிற அக்கா, கரையில் கோரை அறுக்கிற பாட்டி என்று யாராவது ஒருவர் பேசுவார். அவர்கள் அந்த நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள். ஆகவே பேச்சாளருக்கு உரிய தொகையை அவர்களுக்கும் கொடுத்துவிடுவேன். அறிவுக்குக் கூலி உண்டு என்பதைப் பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று எல்லோர் முன்னாலும் கொடுப்பேன்.

இங்கே வளர்ந்த ஒரு தலைமுறைக்கு செம்பரம்பாக்கம் என்றாலே பயம். 2015 டிசம்பர் 1 அன்று அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் கரையெல்லாம் வெள்ளம் சூழ்ந்தது. உறவுகளையும் வீட்டுச் சாமான்களையும் இழந்தவர்களின் பிள்ளைகள் என் குழுவில் வந்திருக்கிறார்கள். ஒரு சிறுமி கரை மேல் ஏறவே மறுத்தாள். அவளிடம் பறவையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஏரியின் முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று சொல்லி, அன்றைய நாளிதழில் வந்த நீர்மட்டத்தை எடுத்துக் காட்டினேன். மழைக்காலத்தில் பொறியாளர்கள் முழு உயரத்துக்குக் கீழேயே தண்ணீரை நிறுத்திவைத்து, வரப்போகும் மழைக்கு இடம் விடுகிறார்கள் என்று விளக்கினேன். தினமும் நாளிதழில் அந்த எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதிவர அவளுக்கு வேலை கொடுத்தேன். மழைக்காலம் முடிவதற்குள் வகுப்பில் ஏரி நிலவரம் சொல்கிறவள் அவளாகிவிட்டாள். பயத்தை ஆறுதல் பேச்சு நீக்குவதைவிட, அளந்து பார்க்கிற பழக்கம் நன்றாக நீக்குகிறது. வெள்ளப் பகுதியில் இயற்கைக் கல்வி நடத்துகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

எண்ணுவதுதான் இந்தத் தொழிலின் அடித்தளம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் யார் வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும், குறைந்தது 15 நிமிடம் பறவைகளைப் பார்த்து எண்ணி ‘ஈபேர்ட்’ தளத்தில் பதிவு செய்யலாம். காணும் பொங்கலன்று எப்படியும் ஊரே வெளியே கிளம்பும். கட்டுச்சோற்றோடு கிளம்புகிற குடும்பத்திடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தால் போதும். பெரிய கூட்டத்தை எண்ணத் தெரியாமல் முதலில் தடுமாறுவார்கள். பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணு. அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள். அந்த அளவை வைத்து மீதிக் கூட்டத்தைத் துண்டு துண்டாக அள. இதைச் சொல்லிக் கொடுத்தால், நாமக்கோழிக் கூட்டத்தை எட்டாம் வகுப்புப் பையனும் எண்ணிவிடுவான். பறவை இல்லாவிட்டால் இல்லை என்றே எழுத வேண்டும். போன வருடம் இருந்தது இந்த வருடம் இல்லை என்று சொல்ல, இல்லாத நாளின் பதிவும் வேண்டும்.

துப்புரவு நிகழ்ச்சிகளையும் நடத்துகிறேன். அவற்றில் பிள்ளைகள் பொறுக்குவது பிளாஸ்டிக் பைகளும் சாராயப் பாட்டில்களும் மட்டும் அல்ல. எனக்கு அதிகம் கவலை தருவது அறுந்துபோன நைலான் வலைத் துண்டுகள். தண்ணீருக்கடியில் நீந்தி மீன் பிடிக்கிற நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அதில் மாட்டிக்கொள்கின்றன. ஒரு காலையில் கோரைப் புதருக்குள் ஒரு நீர்க்காகம் வலையோடு கிடந்தது. இறக்கையில் நூல் இறுகிச் சதை தெரிந்தது. பையன்கள் இழுக்கப் போனார்கள், தடுத்தேன். துண்டை நனைக்காமல் அதன் தலைமேல் போட்டு மூடினோம். கண் மறைந்ததும் பறவை துடிப்பதை நிறுத்திவிட்டது. ஒருவர் அலகைப் பிடிக்க, இன்னொருவர் இறக்கைகளை உடம்போடு அணைத்துக்கொள்ள, சின்னக் கத்தரிக்கோலால் நூலை ஒவ்வோர் இழையாக வெட்டினேன். நூலை இழுத்திருந்தால் இறக்கையே போயிருக்கும். மீனவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எந்த இழை எங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வலை பின்னுகிறவருக்குத்தான் அது தெரியும். முடிந்ததும் அவரே, “கிழிஞ்ச வலைய இனிமே கரையில போடாம ஒரு மூட்டையில கட்டி வைக்கிறோம் மேடம், நீங்க வரும்போது எடுத்துட்டுப் போங்க” என்றார். சொன்னபடி செய்கிறார்கள். மீனவர்களைக் குற்றவாளிகளாக்கிப் பேசியிருந்தால் அந்த மூட்டை எனக்குக் கிடைத்திருக்காது.

மரம் நடும் விழாக்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஏரி என்றாலே மரம் நட வேண்டும் என்று ஆர்வத்தோடு கிளம்பி வருகிறார்கள். அந்த ஆர்வத்தை மதிக்கிறேன். இடத்தை மட்டும் மாற்றச் சொல்கிறேன். தண்ணீர் வற்றும்போது வெளிப்படுகிற திறந்த சேறும் புல்வெளியும் வெற்றிடம் இல்லை. ஆட்காட்டி அங்கே வெறும் தரையில் முட்டையிடுகிறது, உள்ளான்கள் அங்கே மேய்கின்றன. அதை மரத்தால் நிரப்பிவிட்டால் அவை போக வேறிடம் கிடையாது. கரையின் வெளிச்சரிவில் பனை விதை போடலாம். ஆவணியில் விழுகிற பழங்களைச் சேகரித்து, மழைக்கு முன் ஓர் அடிக் குழியில், பத்தடி இடைவெளி விட்டுப் புதைத்தால் போதும். தண்ணீர் ஊற்றக்கூடத் தேவையில்லை. இலை வெளியே தெரிவதற்கு முன் பனை மண்ணுக்குள்ளே கிழங்காக இறங்குகிறது. பொங்கலுக்கு அவித்துத் தின்கிற பனங்கிழங்கு அதுதான் என்று சொன்னால், பிள்ளைகள் குழி தோண்டுகிற வேகமே மாறிவிடும். வளர்ந்த பனையின் ஓலையில் பனை உழவாரன் கூடு ஒட்டும், தொங்கும் ஓலை நுனியில் தூக்கணாங்குருவி கூடு பின்னும். சீமைக்கருவேலம் வெட்டுகிற நிகழ்ச்சியென்றால் முதலில் கூடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். வெளியிலிருந்து வந்த மரம்தான், பரவுகிற மரம்தான். ஆனாலும் அதன் கிளையில் கொக்கு முட்டையிட்டிருந்தால், குஞ்சு பறக்கும் வரை அரிவாள் காத்திருக்கலாம்.

ஏரிச் சீரமைப்பு நடக்கும்போதுதான் எங்கள் பதிவுகள் உண்மையில் பேசுகின்றன. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, சுமார் 87 ஏக்கர், 2019-இல் நடைபாதையும் பூங்காவுமாகத் திறக்கப்பட்டது. நடக்கச் சிரமப்படுகிற முதியவர்களையும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களையும் அங்கே கூட்டிப்போக முடிகிறது. நடைபாதையில் நின்றபடி கூழைக்கடாவை வெறும் கண்ணால் பார்த்து ஒரு பாட்டி கைகூப்பியதை நான் பார்த்திருக்கிறேன். இப்படி ஏரிகள் மக்களுக்குத் திறக்கப்படுவதை முழு மனதோடு வரவேற்கிறேன். எந்த ஏரியைச் சீரமைத்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: சுற்றிலும் செங்குத்தாகக் கல் பதித்து, அடிமட்டத்தை ஒரே ஆழமாகத் தோண்டிவிடாதீர்கள். ஒரு பக்கமாவது மெல்லச் சரிந்து ஏறட்டும்; அந்தப் பக்கம் விளக்கும் நடைபாதையும் வேண்டாம். பிள்ளைகள் வரைந்த குறுக்குவெட்டுப் படத்தையும் மாதவாரிப் பட்டியலையும் கூட்டங்களில் அதிகாரிகள் முன் வைக்கிறோம். எந்த மாதத்தில் எந்த ஓரத்தில் எத்தனை பறவை என்று சொல்கிற தாளைத் தள்ளிவைப்பது யாருக்கும் எளிதில்லை.

சட்டமும் ஏரியைக் கவனிக்கும் பொறுப்பை நம் தலையில்தான் வைத்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்கிற வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. நம் ஏரிகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். ஆக்கிரமிப்பைத் தடுக்க 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஓர் ஏரியில் எந்த உயிர் இருக்கிறது, அது எப்போது எங்கே மேய்கிறது என்பதை எந்தச் சட்டமும் போய்ப் பார்க்காது. அதை ஊர்க்காரர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டதால் நிலைத்த இடங்கள் நம்மிடம் உண்டு. இந்தப் பழைய செங்கல்பட்டுச் சீமையிலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. பறவைகளைச் சுட வந்தவர்களை எதிர்த்து முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணை வாங்கினார்கள். அதுவும் பாசன ஏரிதான், சுமார் 30 ஹெக்டேர். 2022-இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கேயெல்லாம் காவலுக்கு முன்னால் பழக்கம் இருந்தது. பறவை வந்ததா, எப்போது வந்தது, எத்தனை கூடு என்று தலைமுறையாக ஊரே கவனித்து வந்தது. குடியேறிகள் நிறைந்த, வாடகை வீடு மாற்றிக்கொண்டே இருக்கிற எங்கள் புறநகரில் அந்தப் பழக்கம் தானாக வராது. அதைக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். என் தொழிலின் தேவை அங்கேதான் இருக்கிறது.

அதனால் இந்த வேலை சிலருடைய ஆர்வத்தை மட்டும் நம்பி நடக்கக் கூடாது என்று வற்புறுத்துகிறேன். ஒவ்வொரு நகராட்சியும் ஊராட்சி ஒன்றியமும் தன் எல்லையில் உள்ள ஏரிகளுக்கென ஓர் இயற்கைக் கல்வியாளரை ஊதியத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். அந்தந்த ஊர்ப் பிள்ளைகளே அந்த வேலைக்கு வர வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து, என்னோடு தாளும் பென்சிலுமாக நடக்கத் தொடங்கிய சிலர் இன்று தங்கள் தெருப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாங்களே ஏரிக்குப் போகிறார்கள். நான் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் பட்டியல் பதிவாகிறது. அவர்களுக்கு இது பிழைக்கிற தொழிலாகவும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்பது சிறிய காரியம். உங்கள் வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய ஒரே ஒரு ஏரியைத் தேர்ந்தெடுங்கள். பொங்கல் நாட்களில் ஒரு காலை அங்கே போய் 15 நிமிடம் எண்ணுங்கள். பங்குனியில் அதே இடத்துக்கு மறுபடி போங்கள். ஆடியில் காய்ந்து கிடக்கும்போதும் போங்கள், ஐப்பசியில் முதல் தண்ணீர் வரும்போதும் போங்கள். கூடவே ஒரு பிள்ளையை அழைத்துப் போங்கள். கரையில் இருக்கிறவர்களிடம் பேர் கேட்டுப் பேசுங்கள். பார்த்ததைத் தேதியோடு எழுதிவையுங்கள். ஓர் ஆண்டு முடியும்போது அந்த ஏரியைப் பற்றிச் சொல்ல உங்களிடம் செய்தி இருக்கும். அந்த ஏரிக்கு ஏதாவது நேர்ந்தால், எழுந்து நின்று பேசும் உரிமையும் உங்களுக்கு இருக்கும்.